அக்காவின் கிட்டார் உங்கள் வீட்டில் எதற்கு?

கேள்வி: அக்கா தன் முதல் சம்பளத்தில் வாங்கிய, நைலான் கம்பி பூட்டிய கிளாசிக்கல் கிட்டாரில் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஸ்டீல் கம்பி பூட்டிய, டிரெட்நாட் எனப்படும் பெரிய வடிவக் கிட்டார் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். கை பழகவே மறுக்கிறது. விரல் நுனி எரிகிறது. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் எஃப் கார்டு பிடித்தால் பாதிக் கம்பிகள் ஒலிப்பதில்லை. பெரிய உடல் தோளைத் தூக்குகிறது. பத்து நிமிடத்தில் அலுத்துப்போய்ப் பழையதையே எடுத்துவிடுகிறேன். (அதை அக்கா தன் 12 வயது மகளுக்காக இப்போது கேட்கிறார். புதியது பழகும் வரை இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.) புதிய கிட்டாரை விற்றுவிடலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: நைலானிலிருந்து ஸ்டீலுக்கு மாறிய எத்தனையோ பேர் இதே புகாரோடு எனக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன ஆறுதலை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது விரல் எரிச்சல் அல்ல, அடைப்புக்குறிக்குள் போட்டு நீங்கள் கடந்துபோன அந்த இரண்டு வரிகள்தான்.

திருமணமாகிப் போகும் பெண் பிறந்த வீட்டில் விட்டுச்செல்லும் பொருள் தம்பிக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. இத்தனை ஆண்டுகளாக உங்கள் அக்கா அதைக் கேட்கவில்லை. இப்போதும் தனக்காகக் கேட்கவில்லை. தாய்மாமன் என்னும் உறவு, காதுகுத்தன்று குழந்தையை மடியில் உட்காரவைப்பதோடும் சீர்த்தட்டு தூக்குவதோடும் முடிந்துவிடுகிறதா? அந்தக் குழந்தை கற்றுக்கொள்ள விரும்பும்போது, அவளுடைய அம்மாவின் பொருளையே தராமல் தவணை சொல்கிறீர்கள். அந்தத் தவணைக்கு ஒரு முடிவும் இல்லை. புதியது பழகவில்லை என்பதால் பழையதை வைத்திருக்கிறீர்கள். பழையது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் புதியது பழகவில்லை.

இதை நான் கோபத்தில் மட்டும் சொல்லவில்லை. கிளாசிக்கல் கிட்டாரின் நெக் (விரல் அழுத்தும் நீண்ட கழுத்து), அதன் நுனியில் கம்பிகள் பள்ளங்களில் பதிந்து செல்லும் நட் இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 52 மி.மீ. அகலம் கொண்டது, டிரெட்நாட்டில் அது பெரும்பாலும் 43 அல்லது 44 மி.மீ.தான். அந்தக் குறைந்த இடத்தில்தான் உங்கள் விரல் சாய்ந்து, பக்கத்துக் கம்பியைத் தொட்டு அதன் ஒலியை அடைக்கிறது. நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ விசையில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. 12 கேஜ் என்ற தடிமன் கொண்ட ஸ்டீல் கம்பிகளிலோ அது 70 கிலோவையும் தாண்டும். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு விரல் பழக வேண்டுமானால் இடைவிடாத தொடர்ச்சி வேண்டும். பத்து நிமிடம் ஸ்டீலில் வாசித்துவிட்டு மீதி நேரமெல்லாம் அகன்ற நெக்கில் நைலானை அழுத்திக்கொண்டிருந்தால், கை பழைய அளவையே திரும்பத் திரும்ப மனப்பாடம் செய்யும், விரல் நுனியும் தடிக்காது. இரண்டு வகைக் கிட்டாரையும் மாற்றி மாற்றி வாசிக்கும் கலைஞர்கள் உண்டு. அவர்கள் இரண்டையும் தனித்தனியே பழகித் தேர்ந்தவர்கள்.

எஃப் கார்டு விஷயத்தில் மட்டும் முழுப் பழியையும் உங்கள் மேல் போட மாட்டேன். நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் மூன்றாவதில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். அது மயிரிழை அளவே இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைகிறது என்றால் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கின்றன என்று பொருள். அப்படிப்பட்ட கிட்டாரில், நட்டை ஒட்டிய முதல் ஃபிரெட்டில் பிடிக்கும் எஃப் கார்டு, தேர்ந்த கைக்கும் வலிக்கும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த ஆறாவது கம்பியின் உயரத்தையும் அளந்து பாருங்கள். அது இரண்டரை மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. இரண்டுமே கூடுதலாக இருந்தால், கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து நட்டையும், உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சேடிலையும் சரிசெய்யுங்கள். நீங்களாக அரத்தை எடுக்காதீர்கள், ஏனென்றால் பள்ளம் அளவுக்கு மீறி ஆழமாகிவிட்டால் கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும். அப்படியே கம்பியை 11 கேஜுக்கு மாற்றச் சொல்லுங்கள். இழுவிசை ஓரளவு இறங்கும்.

தோள் வலிக்குக் காரணம், டிரெட்நாட்டின் அடிப்பகுதி 40 செ.மீ. அளவுக்கு அகன்றிருப்பதுதான். ஸ்ட்ராப் போட்டு, உட்கார்ந்து வாசிக்கும்போதும் அதைக் கழற்றாமல் இருந்தால் பெரும்பாலும் தீரும். காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் வாசியுங்கள். குளித்துவிட்டு வந்த கையோடு உட்காராதீர்கள், ஊறிய தோலைக் கம்பி அறுக்கும்.

விற்றுவிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். விற்றால் எதில் வாசிப்பீர்கள்? அக்காவின் கிட்டாரில்தான். ஆக, "அக்கா மகளுக்குக் கொடுக்காமல் இருக்கலாமா" என்பதைத்தான் வேறு சொற்களில் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. சம்பாதிக்கும் மனிதர், சொந்தமாக ஒரு வாத்தியம் வாங்கிய பிறகும், ஒரு குழந்தைக்குச் சேர வேண்டியதைப் பிடித்து வைத்திருப்பது அழகல்ல. அதிலும், அகன்ற நெக்கும் மென்மையான நைலானும் கொண்ட அந்தக் கிட்டார், கற்கத் தொடங்கும் பன்னிரண்டு வயது விரல்களுக்கு மிகவும் ஏற்றது. அதன் முழு அளவும் அந்த வயதில் பெரும்பாலும் கைக்கு அடங்கிவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கு முன் உங்கள் செலவில் புதிய நைலான் கம்பிகளை மாட்டி, ஃபிரெட்டுகளில் படிந்திருக்கும் அழுக்கைத் துடைத்துவிடுங்கள். புதிய நைலான் பல நாள்களுக்குத் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். வாத்தியம் கெட்டுவிட்டதோ என்று குழந்தை பயந்துவிடக் கூடும். ஆகையால் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல், ஆறு கம்பிகளுக்கும் சுருதி சேர்க்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.