கிராப்பெல்லி – கடிதம்

ஐயா,

ஜாஸ் வயலின் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு ஸ்டெஃபான் கிராப்பெல்லியைத் தேடிக் கேட்டேன். இனிமைதான். ஆனால் ஜாங்கோ ராய்ன்ஹார்ட்டின் கிட்டாருக்குப் பக்கத்தில் வெறும் பக்கவாத்தியமாகத்தான் தெரிகிறார். கச்சேரி வயலின் கேட்டுப் பழகிய காதுக்குக் கனமும் போதவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

ஜாங்கோ பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான் தெரிவார்கள். ஆனால் அந்த ஜோடி சேர்ந்ததே வயலினால்தான். 1934-ல் பாரிஸ் கிளாரிட்ஜ் ஹோட்டலில் இருவரும் வேறொருவரின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் தந்தி அறுந்துபோக, கிராப்பெல்லி மேடைக்குப் பின்னால் போய்ப் புதுத் தந்தி மாட்டிச் சுருதி சேர்த்தார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஏதோ ஒரு மெட்டை இழுத்தார். ஜாங்கோவும் கிட்டாரோடு சேர்ந்துகொண்டார். அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது.

அந்த வருடமே இருவரும் சேர்ந்த ஹாட் கிளப் குவின்டெட் என்ற ஐவர் குழு அமைந்தது. மூன்று கிட்டார், ஒரு வயலின், ஒரு டபுள் பேஸ். டிரம்ஸ் இல்லை, டிரம்பெட் இல்லை. ஜாஸில் வயலினுக்கு இருந்த பெரிய தொல்லையே சத்தம் எடுபடாததுதான். இங்கே இரண்டு கிட்டார்கள் தாளத்தை வெட்டிவெட்டிக் கொடுத்தன. வயலின் கத்த வேண்டியிருக்கவில்லை.

கனம் பற்றிக் கேட்டீர்கள். சின்ன வயதில் தாயை இழந்து, முதல் உலகப்போரின்போது அநாதை விடுதியில் பட்டினி கிடந்து, பாரிஸ் வீடுகளின் முற்றங்களில் வாசித்துக் காசு சேர்த்து, ஊமைப்படத் தியேட்டரில் வேலை பார்த்து வளர்ந்தவர் அவர். அதில் ஒரு துளியைக்கூட வில்லில் ஏற்றிக் காட்டவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். சோகத்தைப் பிழிந்து தருகிற வயலின்கள் நிறைய இருக்கின்றன.

ஜாங்கோ 1953-ல் 43 வயதில் போய்விட்டார். கிராப்பெல்லி 1997 வரை இருந்தார். நடுவில் பாரிஸ் ஹில்டனில் சாப்பிட வருகிறவர்களுக்கு வாசித்த காலமும் உண்டு. உலகம் மறுபடி திரும்பிப் பார்த்தது அறுபதைத் தாண்டிய பிறகு. எழுபதுகளில் மேற்கத்திய சாஸ்திரிய வயலின் மேதை யெஹுதி மெனுஹினோடு பதிவு செய்தார். மெனுஹின் வாசித்த 'மனோதர்மம்' முன்கூட்டியே எழுதித் தரப்பட்டது. கிராப்பெல்லி அங்கேயே உருவாக்கினார். கவனித்துக் கேட்டால் பிடிபட்டுவிடும்.

உங்கள் காதுக்கு நான் சொல்வது, 1984-ல் கர்நாடக வயலின் கலைஞர் எல். சுப்ரமணியத்தோடு வாசித்த 'கான்வர்சேஷன்ஸ்' ஆல்பம். முதலில் அதைக் கேளுங்கள். ஜாங்கோவிடம் அப்புறம் வரலாம்.