ரேக்கில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை: எங்கே போய்க் கேட்பது?

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். போன வாரம் பொள்ளாச்சியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பிரஷர் குக்கர் வாங்கினோம். ரேக்கில் 1,249 ரூபாய் என்று சீட்டு இருந்தது. மகள் அதைப் போட்டோகூட எடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பில்லில் 1,499. போன் செய்து கேட்டால், "எம்.ஆர்.பி. 1,650. அதைவிடக் குறைத்துத்தானே போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். கடை தமிழ்நாட்டில், நாங்கள் கேரளத்தில். அலைய முடியாது என்று விட்டுவிடுவதா?

பதில்: விட வேண்டாம். கடைக்காரர் சொல்வது பாதி நியாயம்தான். எம்.ஆர்.பி. என்பது உச்சவரம்பு, அதைத் தாண்டக் கூடாது, அவ்வளவே. அதற்குக் கீழே ஒரு விலையை எழுதி வைத்துவிட்டு, பில்லில் வேறு விலை வாங்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சட்டம் நிர்ணயித்த விலை, பொருளிலோ உறையிலோ போட்ட விலை, கடையில் வைத்த விலைப்பட்டியலில் காட்டிய விலை, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விலை ஆகிய நான்கில் எதைவிடக் கூடுதலாக வாங்கினாலும் புகார் கொடுக்கலாம். ரேக் சீட்டும் கடை தன் கையால் காட்டிய விலைதான். உங்கள் வழக்கு அதில்தான் நிற்கிறது.

ஆனால் முதலில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். சீட்டில் பெரிய எழுத்தில் விலை இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் பொருளின் பெயர், அளவு, ஒரு குறியீட்டு எண், சில கடைகளில் ஆஃபர் முடியும் தேதியும் இருக்கும். 3 லிட்டர் குக்கரின் சீட்டுக்கு மேலே யாரோ 5 லிட்டர் குக்கரை வைத்துவிட்டுப் போயிருந்தால், கடை உங்களை ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. சீட்டில் உள்ள பெயரும் அளவும் பில்லில் உள்ளவையும் ஒன்றாக இருந்தால் உங்கள் கை ஓங்கியது. ஆஃபர் முடிந்தும் சீட்டை எடுக்காமல் விட்டிருந்தால்? தேதி சீட்டில் இல்லாதபோது, அது கடையின் கவனக்குறைவு. அதற்கான காசை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

பணம் கட்டுவதற்கு முன்பே கவுண்ட்டரில் விலை வித்தியாசம் தெரியவந்தால் கதை வேறு. ஒப்பந்தச் சட்டத்தின் பார்வையில், ரேக்கில் வைப்பது வாங்க வரச் சொல்லும் அழைப்பு மட்டுமே. 1,499 என்பதற்குப் பதில் 149 என்று தவறி அச்சாகியிருந்தால், அந்த விலைக்கே கொடுத்தாக வேண்டும் என்று கடையைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களும் வாங்காமல் வந்துவிடலாம். உங்களிடமோ சொல்லாமலே பில் போட்டுப் பணம் வாங்கிவிட்டார்கள்.

சரி, எங்கே போவது? எல்லையில் இருக்கிறவர்களை அதிகம் குழப்புவது இதுதான். பழைய 1986 சட்டத்தில், பொதுவாகக் கடை இருக்கும் மாவட்டத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. புதிய சட்டம், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது. ஆகவே உங்களுக்குப் பாலக்காடு போதும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

250 ரூபாய்க்காக நேரே வழக்குக்குப் போகச் சொல்ல மாட்டேன். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாகவாவது. மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து கடைக்கு அனுப்புவார்கள். அதிலும் தீராவிட்டால் ஆணையம்.

அப்புறம், எம்.ஆர்.பி.க்கு மேலே வாங்கினாலோ, அச்சிட்ட விலையை அழித்து மாற்றினாலோ, அது எடையளவுச் சட்டக் குற்றம். அந்தப் புகார் மட்டும் கடை இருக்கும் மாநிலத்துக்குத்தான் போக வேண்டும்: பொள்ளாச்சிக் கடை என்றால் தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறை, உங்கள் ஊர்க் கடை என்றால் கேரளத்தில் தனியாக இயங்கும் சட்டமுறை எடையளவுத் துறை. கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. மலையாளம் எழுத வராது என்று தயங்க வேண்டாம்.

ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் அந்த வழவழப்பான பில் காகிதத்தில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும். இன்றைக்கே அதையும் ஒரு போட்டோ எடுத்து, சீட்டின் போட்டோவோடு சேர்த்து வையுங்கள். குக்கர் பெட்டியில் மாடலும் எம்.ஆர்.பி.யும் அச்சிட்ட பக்கத்தையும் கிழித்துப் போடாதீர்கள்.