கேள்வி – பதில்: பத்து வளாகங்கள், ஒரே பல்கலைக்கழகம்

கேள்வி: என் மகளுக்குக் கலிஃபோர்னியாவில் டேவிஸ் என்னும் ஊரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கடிதத்தில் ‘கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்’ என்றே இருக்கிறது. அது பெர்க்லியின் கிளை என்கிறார் ஒரு நண்பர். தனிப் பல்கலைக்கழகம் என்கிறார் இன்னொருவர். எது சரி?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: கிளை என்று சொன்ன நண்பர் அதை நூறாண்டுகளுக்கு முன்பு சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும். பல்கலைக்கழகத்தின் முதல் வளாகமான பெர்க்லியில் வேளாண்மை படித்த மாணவர்கள் வயலில் இறங்கிப் பழகுவதற்கென்று 1905-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் உருவான பண்ணைதான் டேவிஸ். 1959-இல் அது பல துறைகளும் கொண்ட முழு வளாகமாக உயர்த்தப்பட்டது. இன்று அது பெர்க்லிக்குக் கீழ்ப்பட்டதும் அன்று, தனிப் பல்கலைக்கழகமும் அன்று. சட்டத்தின் பார்வையில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் ஒன்றே. அதற்குப் பத்து வளாகங்களும் ஏறத்தாழ 3 லட்சம் மாணவர்களும் இருக்கிறார்கள். மாணவர் சேர்க்கை, ஆசிரியர் தேர்வு, அன்றாட நிர்வாகம் ஆகியவற்றை ஒவ்வொரு வளாகமும் தானே நடத்திக்கொள்கிறது.

பிற வளாகங்களில் பலவும் இப்படி வேறு ஏதோ ஒன்றாகத் தொடங்கியவைதாம். ரிவர்சைடு 1907-இல் ஆரஞ்சு, எலுமிச்சை ஆராய்ச்சி நிலையம். சான் டியேகோவின் வேர் ஸ்கிரிப்ஸ் கடல் ஆய்வு நிறுவனம். லாஸ் ஏஞ்சலிஸ் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாக இருந்து, 1919-இல் ‘தென் கிளை’ என்ற பெயரில் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது. 1965-இல் திறக்கப்பட்ட இர்வைன், சாண்டா குரூஸ் ஆகியவையும் 2005-இல் திறக்கப்பட்ட மெர்செடும்தான் வெறும் நிலத்தில் திட்டமிட்டு எழுப்பப்பட்டவை.

நம் ஊர் இணைப்புக் கல்லூரி முறையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தில், கல்லூரி பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் தரும் என்ற ஏற்பாடே நெடுங்காலம் இருந்தது. கலிஃபோர்னியாவில் பாடம் நடத்துபவரே வினாத்தாளும் தயாரிக்கிறார், மதிப்பெண்ணும் இடுகிறார்.

கேள்வி: நம் மாநிலத்தில் ஆளுநரே வேந்தர். அங்கும் ஆளுநர் பல்கலைக்கழகக் குழுவில் உறுப்பினராமே? சட்டமன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு?
— ஒரு கல்லூரி ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: முதலில் பதவிப் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். அமெரிக்க மாநில ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அரசுத் தலைவர். நம் முதலமைச்சருக்கு நிகரானவர். அங்கே ‘சான்சலர்’ என்பவர் வேந்தர் அல்லர். ஒரு வளாகத்தின் தலைமை நிர்வாகி, அதாவது ஏறக்குறைய நம் துணைவேந்தர். பத்து சான்சலர்களுக்கும் மேலே பல்கலைக்கழகத் தலைவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் மேலே இருப்பது ‘ரீஜென்ட்ஸ்’ என்னும் 26 பேர் கொண்ட ஆட்சிக்குழு. அவர்களில் 18 பேரை ஆளுநர் மாநில செனட்டின் ஒப்புதலோடு நியமிக்கிறார், ஒருவர் மாணவர், ஆளுநர், துணை ஆளுநர், கீழவைச் சபாநாயகர், பல்கலைக்கழகத் தலைவர் உள்ளிட்ட எழுவர் பதவிவழி உறுப்பினர்கள்.

இந்த அமைப்பின் சூட்சுமம் பதவிக்காலத்தில் இருக்கிறது. ஆளுநரின் பதவிக்காலம் 4 ஆண்டுகள்; அவர் நியமிக்கும் ரீஜென்ட்டின் பதவிக்காலமோ 12 ஆண்டுகள். பதவிகள் ஒரே சமயத்தில் காலியாவதும் இல்லை. ஆகவே புதிதாக வந்த ஆளுநர் தம் ஆட்களால் குழுவை ஒரே நாளில் நிரப்பிவிட முடியாது.

இத்தனை எச்சரிக்கை ஏன் என்பதற்குக் காரணம் பல்கலைக்கழகத்தின் முதல் பத்தாண்டுகளில் இருக்கிறது. வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் வழங்கிய 1862-ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தால் கலிஃபோர்னியாவுக்கும் நிதி வழி பிறந்தது. ஓக்லண்டில் இருந்த கலிஃபோர்னியாக் கல்லூரி என்னும் தனியார் நிறுவனத்திடம் பெர்க்லியில் நிலம் இருந்தது, பணம் இல்லை. இரண்டும் சேர்ந்து, 1868 மார்ச் 23-ஆம் நாள் கையெழுத்தான சட்டத்தால் பல்கலைக்கழகம் பிறந்தது. பிறந்த உடனேயே சண்டையும் தொடங்கிவிட்டது. உழவையும் தொழிலையும் கற்பிக்கக் கொடுத்த நிலத்தின் பணத்தில் கிரேக்கமும் லத்தீனும் கற்பிப்பதா என்று ‘கிரேஞ்ச்’ என்னும் விவசாயிகள் அமைப்பு கேட்டது. (அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.) இந்த இழுபறிகளில் சலித்த தலைவர் டேனியல் கில்மன் 1875-இல் விலகி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராகப் போனார்.

சாதாரணச் சட்டத்தால் உருவான நிறுவனத்தை அடுத்த சட்டமன்றம் இன்னொரு சட்டத்தால் கலைத்துவிடலாம் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்திருக்க வேண்டும். 1879-இல் மாநிலம் புதிய அரசியலமைப்பை எழுதியபோது, பல்கலைக்கழகம் ஒரு பொது அறக்கட்டளை என்றும், அரசியல் செல்வாக்கிலிருந்தும் மதப் பிரிவுகளின் செல்வாக்கிலிருந்தும் அது முற்றிலும் விலகியிருக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். சட்டமன்றத்துக்கு நிதி தொடர்பான சில மேற்பார்வை அதிகாரங்களே எஞ்சின. நம் அண்ணா பல்கலைக்கழகம் 2007-இல் சட்டத்தால் பிரிக்கப்பட்டு, ஆட்சி மாறிய பின் 2012-இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கலிஃபோர்னியாவில் அப்படிச் செய்ய அரசியலமைப்பையே திருத்த வேண்டும். அதற்கு மக்கள் வாக்களிக்க வேண்டும்.

ஆனாலும் பணப்பை சட்டமன்றத்தின் கையில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் மாநிலம் ஒதுக்கும் தொகையைக் கூட்டியும் குறைத்தும், அதற்கு நிபந்தனை விதித்தும் நேரடி உத்தரவால் இயலாத பலவற்றை அது சாதித்துக்கொள்கிறது.

கேள்வி: அப்படியானால் அங்கே அரசியல் தலையீடே இல்லையா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இருந்தது, பெரும்பாலும் அந்த ஆட்சிக்குழுவின் வழியாகவே வந்தது. வாசலுக்குப் போட்ட பூட்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவரைத் தடுக்காதல்லவா?

1949-இல் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அலை வீசியபோது, சட்டமன்றம் கட்டளையிடுவதற்கு முன்பே, தலைவர் ராபர்ட் கோர்டன் ஸ்ப்ரவுலின் யோசனைப்படி, ஊழியர் அனைவரும் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர் அல்லர் என்று உறுதிமொழி தர வேண்டும் என ரீஜென்ட்கள் விதித்தார்கள். கையெழுத்திட மறுத்த 31 ஆசிரியர்கள் 1950-இல் நீக்கப்பட்டனர். அவர்கள்மேல் கம்யூனிஸ்ட் என்ற குற்றச்சாட்டு இல்லை, மறுத்ததுதான் குற்றம். உளவியல் அறிஞர் எட்வர்ட் டோல்மன் முதலானோர் தொடுத்த வழக்கில் 1952-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்னது. ஆனால் அதற்குச் சொன்ன காரணம் கருத்துரிமை அன்று: அரசு ஊழியர் அனைவருக்கும் மாநிலமே ஓர் உறுதிமொழியை விதித்திருக்கும்போது பல்கலைக்கழகம் தனியாக இன்னொன்றை விதிக்க இயலாது என்பதே.

இரண்டாவது நிகழ்வு கிளார்க் கெர் தொடர்பானது. 1952-இல் பெர்க்லியின் முதல் சான்சலராகவும் 1958 முதல் முழு அமைப்பின் தலைவராகவும் இருந்த அவரே, 1960-ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டத்துக்கு மூலகாரணர். பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், விரும்பும் எவருக்கும் சமுதாயக் கல்லூரிகள் என்று அது பிரித்தது. 1964-இல் பெர்க்லி மாணவர்கள் வளாகத்தில் அரசியல் பேசும் உரிமை கேட்டுக் கிளர்ந்தபோது கெர் இரு தரப்பின் கோபத்துக்கும் ஆளானார். பெர்க்லியை ஒழுங்குபடுத்துவேன் என்று பிரசாரம் செய்து வென்ற ரொனால்ட் ரேகன் 1967 ஜனவரியில் ஆளுநரானார். அந்த மாதமே ரீஜென்ட்கள் 14-க்கு 8 என்ற வாக்கில் கெரை நீக்கினார்கள். பதவிவழி உறுப்பினரான ரேகனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். முன்னைய ஆளுநர்கள் நியமித்தவர்கள் பலர் இருந்த குழுதான் இதைச் செய்தது என்பதால், நீண்ட பதவிக்காலம் தரும் காப்பு எவ்வளவு மெல்லியது என்று நான் இதிலிருந்து அறிந்துகொள்கிறேன்.

கேள்வி: மாணவருக்கு வாக்குரிமை தரும் அந்தக் குழுவில் பேராசிரியர்களுக்கு இடமில்லையா?
— ஒரு மாணவர், மதுரை

பதில்: இடம் உண்டு, வாக்கு இல்லை. ஆசிரியர் ஒருவரையும் மாணவர் ஒருவரையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள 1974-இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. மாணவர் இடம் 1975 முதல் நிரப்பப்பட்டு வருகிறது. ஆசிரியர் இடம் நிரப்பப்படுவதில்லை. பேராசிரியர்களின் கல்விப்பேரவைத் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டத்தில் அமர்ந்து பேசுவார்கள், வாக்களிக்க மாட்டார்கள். ஆசிரியர்களின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. 1919–20-இல் பெர்க்லி ஆசிரியர்கள் நடத்திய கிளர்ச்சிக்குப் பின், பாடத்திட்டம், பட்டத் தகுதி, மாணவர் சேர்க்கைக்கான நிபந்தனை ஆகியவற்றைக் கல்விப்பேரவையிடம் ரீஜென்ட்கள் ஒப்படைத்தார்கள், இன்றும் அப்படியே. மாணவ உறுப்பினரின் பதவிக்காலம் ஓராண்டுதான். அவ்வளவு பெரிய நிறுவனத்தின் கணக்கு வழக்கைப் புரிந்துகொள்ள அது போதாதல்லவா? ஆகவே அதற்கு முந்தைய ஆண்டே அவரைத் தேர்ந்தெடுத்து, வாக்கில்லாமல் கூட்டங்களில் உட்கார வைத்துப் பழக்குகிறார்கள்.