விமானியா, நீர்மூழ்கியா?

கேள்வி: கடற்படை அதிகாரி பணிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். விமானியா, நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரியா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டுமா?

பதில்: விமானி என்றால் இப்போதே. விண்ணப்பத்திலேயே அந்தப் பிரிவைக் கேட்க வேண்டும். எஸ்.எஸ்.பி. என்னும் அதிகாரித் தேர்வு வாரிய நேர்காணலோடு வரும் கணினிவழி விமானித் தேர்வில் ஒருமுறை தவறினால் மறுவாய்ப்பே கிடையாது. விமானக் கருவி முகப்பைப் படிப்பது, கை கால் ஒருங்கிணைப்பு இரண்டிலும்தான் பலர் தடுமாறுகிறார்கள். அரைகுறைத் தயாரிப்போடு தயவுசெய்து போகாதீர்கள். உயரம் குறைந்தது 162.5 செ.மீ. வேண்டும், கால், தொடை நீளமும் அளப்பார்கள். நிறக்குருடு இருந்தால் தேற முடியாது. ஹெலிகாப்டர் பயிற்சி அரக்கோணத்தில் உள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியில்.

நீர்மூழ்கிக்கு அவசரமில்லை. அதிகாரியாகிக் கப்பலில் பணிபுரியும்போது விருப்பம் தெரிவிக்கலாம். பயிற்சி விசாகப்பட்டினம் ஐ.என்.எஸ். சாதவாகனாவில்; ஆபத்தில் நீர்மூழ்கியை விட்டு வெளியேறும் பயிற்சியும் அங்கேதான். காதில் அழுத்தம் சமனாகாவிட்டால் அதில் வலி தாங்காது. காது, சைனஸை முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.