ஜமால் மரேக்கு 22 வயதில் 17 கோடி டாலர்: எதைப் பார்த்துக் கொடுத்தார்கள்?

கனடாவின் கூடைப்பந்து வீரர் ஜமால் மரேக்கு 22 வயதில் எதைப் பார்த்து இவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்டிருக்கும் கணக்கில் தப்பில்லை. 2019 ஜூலையில் டென்வர் நக்கெட்ஸ் அணி ஜமால் மரேயோடு ஐந்து வருஷ ஒப்பந்தம் பேசி முடித்தபோது செய்திகளில் வந்த தொகை 17 கோடி டாலர். அப்போது அவருக்கு வயது 22. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் ஆடியிருந்தது மூன்றே சீசன். ஒரு ஆட்டத்துக்குச் சராசரிப் புள்ளிகள் வரிசையாக 9.9, 16.7, 18.2. அதுவரை லீகின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரு தடவைகூடத் தேர்வாகவில்லை. "இந்த எண்களுக்கு இவ்வளவு பணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எண்களை மட்டும் பார்த்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். ஆனால் நான் அந்தப் பையனை முதன்முதலில் பார்த்தது ஒரு மளிகைக் கடையின் மாடியில்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். டொராண்டோவில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்று 1931-இல் கட்டிய பழைய ஹாக்கி அரங்கம் ஒன்று உண்டு. பிற்பாடு அதன் தரைத்தளத்தைப் பெரிய சூப்பர் மார்க்கெட் ஆக்கிவிட்டார்கள். மேலே ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கம். கீழே தக்காளி, மேலே ஆட்டம். இதே கட்டடத்தில்தான் 1946 நவம்பர் 1 அன்று, இன்றைக்கு என்பிஏ என்று நாம் சொல்லும் லீகின் முதல் ஆட்டம் நடந்தது. நியூயார்க் ஜெயித்தது, டொராண்டோ தோற்றது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தும் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர்தான். இருந்தும் ஹாக்கிக்கு அடுத்த பந்தியில்தான் கனடாவில் கூடைப்பந்துக்கு ரொம்ப நாள் சாப்பாடு.

2015 ஜூலையில், அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் மோதும் பான் அமெரிக்கன் போட்டிகளின் கூடைப்பந்து அந்த அரங்கத்தில் நடந்தது. நான் அதே மாகாணத்து வாட்டர்லூவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அலுவலகத்து நண்பர் ஒருவர் கிச்சனர்காரர். கிச்சனரும் வாட்டர்லூவும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர்கள், எது எங்கே முடிகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் ஆடுறான், வா" என்று அரையிறுதிக்கு இழுத்துக்கொண்டு போனார். எதிரணி அமெரிக்கா. என்பிஏ நட்சத்திரங்கள் இல்லை, கல்லூரி வீரர்களும் வெளிநாட்டு லீக்குகளில் ஆடுபவர்களும் கலந்த அணி. ஆனாலும் அமெரிக்கா அமெரிக்காதான்.

கூட்டம் வந்ததே கனடா அணியில் இருந்த என்பிஏ வீரர்கள் ஆண்டனி பென்னட்டையும் ஆண்ட்ரூ நிக்கல்சனையும் பார்க்கத்தான். மரேக்கு அப்போது 18 வயது, கல்லூரிக்கே இன்னும் போகவில்லை. மூன்றாவது குவார்ட்டர் முடியும்வரை அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. நண்பரிடம் நான் "உங்க ஊர்ப் பையன் எங்கே?" என்று கேலி பண்ணினேன். அப்புறம் கடைசிக் கால்பகுதியான நான்காவது குவார்ட்டர் ஆரம்பித்தது. அந்தக் குவார்ட்டரிலும், ஆட்டம் சமனானதால் கிடைத்த கூடுதல் நேரமான ஓவர்டைமிலுமாகச் சேர்த்து மரே எடுத்தது 22 புள்ளிகள். கனடா 111-108 என்று ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் பிரேசிலிடம் தோற்று வெள்ளிதான் கிடைத்தது, அது வேறு கதை.

எனக்கு மனதில் நின்றது அந்த 22 அல்ல, பையனின் முகம். ஒன்றும் விழாதபோது இருந்த அதே முகம்தான் எல்லாம் விழுந்தபோதும் இருந்தது. நான் கோயம்புத்தூரில் கல்லூரி அணிக்கு ஆடியவன். ஆடியவன் என்பதைவிட பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பது சரி. உள்ளே இறங்கும் அபூர்வமான நாட்களில் இரண்டு ஷாட் தவறிவிட்டால் மூன்றாவது பந்தை எவ்வளவு நல்ல இடத்தில் வாங்கினாலும் பக்கத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிடுவேன். கோர்ட்டில் இறங்கிய யாருக்கும் இந்தப் பயம் தெரியும். அது இந்தப் பையனுக்கு இல்லவே இல்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் நண்பர் மரேயின் அப்பா கதையைச் சொன்னார். அப்புறம் பத்திரிகைகளிலும் படித்தேன். அப்பா ரோஜர் மரே ஜமைக்காவில் பிறந்து சின்ன வயதில் கனடாவுக்கு வந்தவர், புரூஸ் லீ பைத்தியம். மகனுக்குப் பந்தோடு சேர்த்து குங்ஃபூவும் தியானமும் சொல்லிக்கொடுத்தார். பனியில் தண்டால் எடுக்கச் சொல்வார், உறைந்த தரையில் பந்தைத் தட்டச் சொல்வார். பஸ்கி போடுவதுபோல் பாதி உட்கார்ந்த நிலையில் நிறுத்தித் தொடைமேல் சூடான தேநீர்க் கோப்பைகளை வைப்பார். ஆடினால் தேநீர் சிந்தும், சிந்தினால் சுடும். இதெல்லாம் குழந்தைக்குத் தேவையா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, என் பையனுக்கு நான் செய்ய மாட்டேன். ஆனால் மூன்று குவார்ட்டர் காலியாகப் போனபிறகும் அசையாமல் நின்ற முகம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் புரிந்தது.

மரேயின் பள்ளிக்காலத்தின் கடைசிப் பகுதி ஆரஞ்ச்வில் பக்கத்தில் ஒரு கூடைப்பந்துப் பள்ளியில். கனடாவில் கொஞ்சம் நன்றாக ஆடும் பையன்கள் அமெரிக்கப் பள்ளிகளுக்கு ஓடிவிடுவதுதான் அன்றைய வழக்கம். இவர் ஒன்டாரியோவிலேயே இருந்துவிட்டு நேராக கென்டக்கி பல்கலைக்கழகம் போனார். அங்கே ஒரே வருஷம். சராசரி 20 புள்ளிகள், 113 த்ரீ பாயிண்டர்கள், அதாவது தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் ஷாட்கள். பந்தைக் கொண்டுபோகும் வேலையைச் சக வீரர் டைலர் யூலிஸ் பார்த்துக்கொண்டதால் மரே பந்து இல்லாமல் ஓடி ஓடித் தடுப்பாளரைக் கழற்றிவிட்டு ஷாட் எடுக்கப் பழகினார். இது பிற்பாடு ரொம்ப உதவியது, அதற்கு வருகிறேன்.

புது வீரர்களை என்பிஏ அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2016-இல் ஏழாவது ஆளாக டென்வர் அவரை எடுத்தது. இதில் டொராண்டோ ரசிகர்களுக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அணிகளுக்குள் நடந்த பழைய வியாபாரங்களின் பலனாக, நியூயார்க், டென்வர் இரண்டு அணிகளின் டிராஃப்ட் இடங்களில் முந்தையது டென்வருக்கு, பிந்தையது டொராண்டோவுக்கு என்று ஆகியிருந்தது. அந்த சீசனில் நியூயார்க் 32 வெற்றி, டென்வர் 33. அதனால் குறைவாக ஜெயித்த நியூயார்க்கின் ஏழாவது இடம் டென்வருக்குப் போனது, டென்வரின் ஒன்பதாவது இடம் டொராண்டோவுக்கு வந்தது. டொராண்டோ யாக்கோப் பெல்டலை எடுத்தது. நல்ல வீரர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நூறு கிலோமீட்டர் தள்ளி வளர்ந்த பையன் இரண்டு இடத்தில் கை நழுவிப் போனான்.

முதல் சீசனின் முதல் சில ஆட்டங்கள் பார்க்கவே பாவமாக இருந்தது. பதினைந்துக்கும் மேல் ஷாட் எடுத்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை. வேறு யாராவது இருந்தால் நான்காவது ஆட்டத்தில் பந்தைப் பார்த்தாலே ஒதுங்கியிருப்பார்கள். இவர் எடுத்துக்கொண்டே இருந்தார், டென்வர் கோச் மைக்கேல் மலோனும் இறக்கிக்கொண்டே இருந்தார். அந்த முதல் மாதக் கணக்கு முடிந்தபோது மேற்குப் பிரிவின் சிறந்த புதுமுகம் என்ற பட்டம் மரேக்கு! 2017 பிப்ரவரியில் இளம் வீரர்களுக்கான ஆட்டத்தில் 36 புள்ளி எடுத்து அதிலும் சிறந்த வீரர். இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, அந்த சீசனின் 82 ஆட்டங்களையும் அவர் ஹெர்னியா வலியோடு ஆடியிருக்கிறார் என்பது. சீசன் முடிந்தபிறகுதான் அறுவை சிகிச்சை.

இனி பணத்துக்கு வருவோம். டென்வரின் நடுநாயகம் நிகோலா யோக்கிச் என்ற செர்பியர். கிட்டத்தட்ட ஏழடி உயரத்தில், பந்தை அனுப்புவதில் எந்தக் குள்ள வீரரையும் தூக்கிச் சாப்பிடுகிறவர். மரே பந்தை அவரிடம் கொடுத்துவிட்டு அவரையே தூணாக வைத்துச் சுற்றி ஓடுவார். மரேயைத் துரத்தி வருகிறவர் யோக்கிச்சின் தோளில் முட்டி நின்றால், பந்து திரும்ப மரே கைக்கு வந்து அங்கேயே ஷாட். முட்டாமல் குறுக்கே புகுந்து வந்தால் மரே ஓட்டத்தைத் திருப்பிக் கூடையை நோக்கி வெட்டுவார், பந்து அங்கே காத்திருக்கும். இரண்டு பேரும் மரேயை அடைத்தால் யோக்கிச் தனியாக நிற்பார், அது அதைவிட மோசம். சின்னப் பையன்கள் தெருவில் தூணைச் சுற்றி ஓடிப் பிடிக்கிற ஆட்டம் மாதிரிதான் இருக்கும். ஆனால் கென்டக்கியில் ஒரு வருஷம் பந்து இல்லாமல் ஓடிப் பழகிய கால்கள் இல்லாவிட்டால் இது நடக்காது. 9.9 சராசரியில் இதெல்லாம் தெரியாது.

இரண்டாவது சீசன் ஒரே ஆட்டத்தில் கவிழ்ந்தது. 2018 ஏப்ரலில் கடைசி லீக் ஆட்டம், மினசோட்டாவோடு, ஜெயிக்கிறவர் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்றுகளுக்கு, தோற்கிறவர் வீட்டுக்கு. ஓவர்டைமில் டென்வர் தோற்றது. கடைசி நொடிகளில் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் போடும் ஷாட்) போட்டு முடித்து வைத்தவர் இன்னொரு ஒன்டாரியோ பையன், ஆண்ட்ரூ விக்கின்ஸ்.

2018 நவம்பரில் பாஸ்டனோடு 48 புள்ளி எடுத்தார். ஆட்டம் கையில் வந்துவிட்ட பிறகு கடைசி நொடியில் ஐம்பதைத் தொட ஒரு த்ரீ பாயிண்டர் முயற்சி, விழவில்லை. கடுப்பான பாஸ்டன் வீரர் கைரி அர்விங் பந்தை எடுத்துப் பார்வையாளர் பக்கம் வீசினார், லீக் அவருக்கு 25,000 டாலர் அபராதம் போட்டது. என்னைக் கேட்டால் மரே அந்த ஷாட்டை எடுத்திருக்கக் கூடாது. ஆனால் எடுக்காமல் இருக்கிற ஆள் என்றால் அது மரே இல்லை.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் 2019 ஏப்ரல் 16 அன்று இருக்கிறது. மரேயின் முதல் பிளே-ஆஃப், சான் அன்டோனியோவோடு. முதல் ஆட்டத்தில் சொந்த மண்ணிலேயே டென்வர் தோற்றுவிட்டது. கடைசி நொடிகளில் சமன் செய்யும் வாய்ப்போடு மரே வந்தபோது சான் அன்டோனியோவின் டெரிக் வைட் பந்தைத் தட்டிப் பறித்துவிட்டார். இரண்டாவது ஆட்டத்திலும் ஒரு கட்டத்தில் 19 புள்ளி பின்தங்கல். மூன்று குவார்ட்டர் முடிந்தபோது மரே எட்டு ஷாட் எடுத்திருந்தார், எட்டும் வெளியே. இங்கே இரவு பதினொன்று ஆகப்போகிறது. "நாளைக்கு ஆபீஸ் இல்லையா?" என்று மனைவி இரண்டாவது தடவை கேட்டாள். டிவியை அணைக்க ரிமோட்டைக்கூட எடுத்துவிட்டேன். அப்போது கேமரா மரேயின் முகத்தைக் காட்டியது. சூப்பர் மார்க்கெட் மாடியில் பார்த்த அதே முகம். "இன்னும் ஒரு குவார்ட்டர்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நான்காவது குவார்ட்டரில் ஒன்பது ஷாட், எட்டு உள்ளே, 21 புள்ளி. டென்வர் 114-105. முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்கு என்ற அந்தச் சுற்றையும் ஏழு ஆட்டம் போய் ஜெயித்தார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் அடுத்த சுற்றையும் சொல்ல வேண்டும். போர்ட்லாண்டோடு ஏழாவது ஆட்டம், 18 ஷாட்டில் நான்குதான் விழுந்தது, டென்வர் நான்கு புள்ளியில் வெளியேறியது. பயம் இல்லாதவரிடம் இந்த மாதிரி இரவுகளும் வரும், அதையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து டென்வர் வாங்கியது.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம். டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வாகிறவரின் சம்பளம் நான்கு வருஷத்துக்கு ஏற்கெனவே அட்டவணை போட்டு வைத்தது. மூன்றாவது சீசன் முடிந்ததும் அணி ஒப்பந்த நீட்டிப்பு கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் வேறு அணி விலை பேசும், அதே தொகையைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம்தான், ஆனால் பையனின் மனசு கசந்திருக்கும். அந்த அனுபவத்தில் இருக்கிறவருக்கு வழக்கமான விதிப்படி அதிகபட்சம், அணியின் சம்பள வரம்பில் கால் பங்கு. மரேக்குக் கிடைத்தது அதுதான், தனியாக அள்ளிக் கொடுத்தது இல்லை. பிற்பாடு கொரோனாவால் வரம்பு நினைத்தபடி ஏறாமல், அந்த 17 கோடி சுமார் 15.8 கோடியாகச் சுருங்கியும் போனது.

கொடுத்த பணம் வீணா என்று கேட்டால், அடுத்த வருஷமே 2020 பிளே-ஆஃபில் யூட்டாவோடு அடுத்தடுத்த மூன்று ஆட்டங்களில் 50, 42, 50 புள்ளிகள். பிறகு 2021 ஏப்ரலில் முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு முழு சீசன் போனது. திரும்பி வந்து 2023-இல் டென்வரோடு சாம்பியன்.

நான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து சமூகக் கூடத்தில் நண்பர்களோடு ஆடுகிறேன். இரண்டு ஷாட் போய்விட்டால் மூன்றாவது பந்தை இன்னமும் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தள்ளிவிடுகிறேன். கிச்சனர் நண்பர் அங்கேதான் நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், சிரிப்பார்.