மேல் ஸ்தாயி நிற்கவில்லையா? சீவாளியைச் சுரண்டாதீர்கள்

ஹீட்டர் போடத் தொடங்கியதிலிருந்து உங்கள் இலியன் பைப்பில் (வாயால் ஊதாமல் துருத்தியால் காற்றடிக்கும் அயர்லாந்துப் பைப்பில்) மேல் ஸ்தாயி சுரங்கள் கீழே விழுகின்றன, சீவாளியைச் சுரண்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். சுரண்டியதை ஒட்ட முடியாது.

முதலில் கசிவு. சாண்டரை, அதாவது விரல் துளைகள் உள்ள குழலைக் கழற்றி, அது செருகும் துளையைக் கார்க்கால் அடைத்து, பையை நிரப்பி அழுத்துங்கள். பை அமுங்கினால் கட்டு நூலையோ துருத்தி வால்வையோ பாருங்கள்.

கசிவில்லையா? எல்லாத் துளைகளையும் மூடி, சாண்டரின் அடியைத் தொடையில் பதித்து, ஒலி நின்ற அந்தக் கணத்தில் பையின் அழுத்தத்தைக் கூட்டி, பிறகே விரலைத் திறக்கிறீர்களா? புதியவர்கள் பலர் இந்த இடத்தில் துருத்தியை அவசரமாக அடிக்கிறார்கள். அழுத்தம் பையை அணைத்த கையின் வேலை; துருத்தி வெறும் காற்று நிரப்பிதான்.

ஆனாலும் என் சந்தேகம் ஹீட்டர் மேல்தான். ஸ்காட்லாந்துப் பைப்பில் ஊதுபவரின் மூச்சு சீவாளியை நனைக்கும். இதில் அந்த ஈரம் கிடையாது. அறைக் காற்றின் வறட்சி நேராக நாணலில் போய் உட்காரும். அறை ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்கு அருகில் வைத்துச் சில நாள் பொறுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் சீவாளியின் செப்புப் பட்டையை மயிரிழை அளவு நகர்த்திப் பார்க்கலாம், கத்தி வேண்டாம். 1968இல் தொடங்கிய நா பீபரி இலியன் என்ற இலியன் பைப் கலைஞர் சங்கம் சீவாளி வேலையைக் காணொளிகளாகவே பதிவு செய்திருக்கிறது. கை வைக்கும் முன் அவற்றைப் பாருங்கள்.