நைல் நதி சகாராவைக் கடந்தும் வற்றாமல் ஓடுவது எப்படி?

மழையே இல்லாத பாலைவனத்தில் நைலுக்கு ஏது இவ்வளவு தண்ணீர், அதுவும் ஏன் வடக்கே ஓடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். திசைக்குக் காரணம் எளிது: தெற்கே மேட்டுநிலம், வடக்கே மத்தியதரைக் கடல்.

தண்ணீர் கதைதான் அருமையானது. சுமார் 6,650 கி.மீ. நீளமுள்ள இந்த ஆற்றுக்கு இரண்டு பெரிய கிளைகள். உகாண்டாவில் ஜிஞ்சா அருகே விக்டோரியா ஏரியிலிருந்து கிளம்பும் வெள்ளை நைல், தெற்கு சூடானில் சுட் என்ற சதுப்பு நிலத்துக்குள் நுழைகிறது. அங்கே பாப்பிரஸ் கோரைகளுக்கு நடுவே பரந்து தேங்குவதால் ஏறக்குறைய பாதித் தண்ணீர் ஆவியாகிவிடும். மிஞ்சியது குறைவுதான், ஆனால் ஆண்டு முழுதும் சீராக வரும். கோடையில் ஆற்றின் உயிரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

வெள்ளம் நீல நைலின் கொடை. எத்தியோப்பியாவின் தானா ஏரியில் தொடங்கி, ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையையும் மலை வண்டலையும் அள்ளிவருகிறது. சூடான் தலைநகர் கார்ட்டூமில் இரண்டும் சேரும் இடத்தில் கொஞ்ச தூரம் இரு நிறமாகவே ஓடும்.

அப்புறம் அத்பரா என்ற ஆறு வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு கடல் வரை வற்றாத துணையாறு ஒன்றுகூட இல்லை. 1970இல் எகிப்தில் அஸ்வான் உயர் அணை முடிந்ததிலிருந்து வண்டல் பெரும்பாலும் அந்த அணை தேக்கிய நாசர் ஏரியிலேயே படிந்துவிடுகிறது. டெல்டாவின் கடற்கரை அரிக்கப்படுவதற்கு அதுவே முக்கியக் காரணம்.